தோட்டத்தில் ஒரு மர வீடு... கொடைக்கானல் கனவும் கணக்கும்!

வத்தலக்குண்டில் பஸ் ஏறும்போது ஜன்னலோர சீட்டில் இருப்பவருக்கு வேர்த்துக்கொட்டும். டம்டம் பாறை தாண்டி, ஊத்து தாண்டி, பெருமாள்மலை நெருங்கும்போது அதே ஜன்னலைச் சாத்தச் சொல்லி பின் சீட்டிலிருந்து குரல் வரும். வெள்ளி அருவியில் இறங்கி ஒரு டீ குடிப்பதற்குள் ஸ்வெட்டர் வெளியே வந்துவிடும். பழநி மலைத் தொடரின் மேல், சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் உட்கார்ந்திருக்கும் கொடைக்கானல் எல்லோரையும் முதலில் குளிரால்தான் பிடிக்கிறது. இரண்டாவதாகப் பிடிப்பது, சமீப வருடங்களில், மர வீடு.

வில்பட்டி, பள்ளங்கி, பூம்பாறை, மன்னவனூர் என்று எந்தப் பக்கம் போனாலும் சரிவில் ஏதோ ஒரு தோட்டத்தில் கூம்புக் கூரை போட்ட மரக் குடில் ஒன்று கண்ணில் படுகிறது. அதில் ஒரு ராத்திரி தங்கிய குடும்பம், மறுநாள் காலையில் கையில் காபியோடு திண்ணையில் நின்று பேசிக்கொள்ளும் பேச்சும் அநேகமாக ஒன்றுதான்.

"ஏங்க, இதே மாதிரி ஒண்ணு நம்ம தோட்டத்துல போட்டா என்ன?"

"போடலாம்தான். செங்கல் சிமென்ட் வேணாம், பத்து நாள்ல முடிஞ்சிரும்னு சொல்றாங்க."

அந்தப் பத்து நாளுக்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை நிறைய இருக்கிறது. ஓய்வுபெற்றபோது கிடைத்த பணத்தையோ, மகள் பெயரில் சேர்த்துவைத்ததையோ போட்டு வாங்கும் மர வீடு, ஐந்து வருடத்தில் உளுத்துப்போகவும் கூடும். ஐம்பது வருடம் நிற்கவும் கூடும். எது நடக்கும் என்பது பெரும்பாலும் வாங்குவதற்கு முன்னாலேயே தீர்மானமாகிவிடுகிறது.

தலைச்சுமையாக ஏறிய வீடுகள்

கொடைக்கானலில் வெளியூர்க்காரர்கள் வீடு கட்டத் தொடங்கியது 1845-ல். மதுரையில் இருந்த அமெரிக்க மிஷனரிகள், சமவெளியின் வெயிலுக்கும் காலராவுக்கும் தப்பிக்க மேலே வந்து இரண்டு பங்களாக்கள் கட்டினார்கள். 'சன்னிசைடு', 'ஷெல்டன்' என்று அவற்றுக்குப் பெயர். அதற்கு முன்பே, 1821-ல், லெப்டினென்ட் வார்டு இந்த மலைகளை அளந்துவிட்டுப் போயிருந்தார். அதற்கெல்லாம் பல தலைமுறை முன்னாலிருந்தே பளியர்களும் புலையர்களும் இங்கே வாழ்ந்துவருகிறார்கள். பூம்பாறை போன்ற மலைக் கிராமங்களும் பழமையானவை.

அன்று மேலே வர மோட்டார் பாதை கிடையாது. பெரியகுளம் பக்கத்து அடிவாரத்திலிருந்து குதிரையிலோ, டோலியிலோ, நடந்தோ ஏற வேண்டும். கண்ணாடி, கதவு, ஆணி, அரிசி எல்லாமே மனிதர்களின் தலையிலும் பொதி மாடுகளின் முதுகிலும் ஏறின. முதல் உலகப் போர்க் காலத்தில் மலைப்பாதை திறக்கப்படும்வரை இதுதான் நிலைமை. கீழேயிருந்து எதைக் கொண்டுவந்தாலும் கூலி கூடும் என்பதால், அந்தக் காலத்து வீடுகள் மலையில் கிடைத்த கல்லையே பெரிதும் நம்பின. மரம் கூரைக்கும் தளத்துக்கும் கதவுக்கும் போனது.

1863-ல் மதுரை கலெக்டராக இருந்த லெவிஞ்ச், ஓடையை மறித்து நட்சத்திர வடிவ ஏரியை உருவாக்கினார். சுமார் 60 ஏக்கர் பரப்புள்ள அந்த ஏரியைச் சுற்றிலும் பிறகு பங்களாக்கள் வளர்ந்தன. ஏரிச் சாலையில் இன்றைக்கும் நிற்கும் பழைய வீடுகளைக் கூர்ந்து பார்த்தால் ஒரு விஷயம் புரியும். கூரை நல்ல சரிவு. சுவரைத் தாண்டி வெளியே நீளும் இறவாரம். தரையிலிருந்து உயர்த்திய கல் அடித்தளம். மழைத்தண்ணீர் மரத்தைத் தொடக் கூடாது, தொட்டாலும் தங்கக் கூடாது என்பதே அந்தக் கட்டடங்களின் பாடம். மர வீடு வாங்குபவருக்கு முதல் பாடமும் அதுதான்.

ஊர் முழுக்கப் பைன்... வீட்டுக்கு மரம் கடல் தாண்டி!

கொடைக்கானலுக்கு வருபவர்கள் பைன் காட்டில் போட்டோ எடுக்காமல் திரும்புவதில்லை. பைன் மட்டுமா? தைல மரம் எனும் யூகலிப்டஸ், வாட்டில் எனும் சீகை மரம் எல்லாம் மலை முழுக்க நிற்கின்றன. இவ்வளவு மரம் இருக்கும் ஊரில் மர வீட்டுக்கு மரத்துக்கா பஞ்சம் என்று தோன்றும்.

இந்த மூன்றுமே வெளிநாட்டிலிருந்து வந்தவை. விறகுக்கும் தொழிற்சாலைகளுக்கும் என்று அரசே பெரிய அளவில் நட்டு வளர்த்தது. அவை வருவதற்கு முன்னால் மேல்மலையில் இருந்தது புல்வெளியும், பள்ளங்களில் ஒதுங்கி நிற்கும் சோலைக் காடும்தான். குறிஞ்சி பூப்பது அந்தப் புல்வெளிச் சரிவுகளில். பழநி மலைகளைச் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு ஆராய்ந்து 2018-ல் வெளியான ஓர் ஆய்வு, 40 வருட காலத்தில் இங்கிருந்த புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு காணாமல் போய்விட்டதாகச் சொல்கிறது. இந்த மரத்தோட்டங்களும் விவசாயமும் அந்த இடத்தை எடுத்துக்கொண்டன.

அப்படியானால் இந்த அந்நிய மரங்களை வெட்டி வீடு கட்டுவது மலைக்கு நல்லதுதானே? கேள்வி நியாயமானது. ஆனால், காட்டில் நிற்கும் மரம் வனத்துறையுடையது. அதை எடுப்பதும் விற்பதும் அரசின் திட்டப்படிதான் நடக்கும். சொந்தப் பட்டா நிலத்தில் நிற்கும் மரத்தைக்கூட நினைத்தபடி வெட்ட முடியாது. 1955-ம் ஆண்டின் தமிழ்நாடு மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அதற்கான குழுவிடம் அனுமதி வாங்க வேண்டும். வெட்டியதை லாரியில் ஏற்றிக்கொண்டுபோக வனத்துறையின் பெர்மிட் வேண்டும்.

ஆகவே, கொடைக்கானலில் பைன் மரத்தடியில் நிற்கும் பைன் வீட்டின் பலகை, பல நேரங்களில் நியூசிலாந்திலோ ஐரோப்பாவிலோ வளர்ந்த மரமாக இருக்கும். கப்பலில் தூத்துக்குடி போன்ற ஒரு துறைமுகத்துக்கு வந்து, மில்லில் அறுபட்டு, லாரியில் மலையேறியிருக்கும். வாங்குபவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி அதனால், "இது எங்கிருந்து வந்த மரம்? பில்லும் பெர்மிட்டும் இருக்கா?" என்பதுதான். "லோக்கல் மரம் சார், சீப்பா முடிச்சுடலாம்" என்று யாராவது சொன்னால், அந்த மரம் எப்படி வெட்டப்பட்டது என்பதையும் கேட்டுவிட வேண்டும்.

எந்த மரம் எதற்கு?

தேக்கு நிற்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதன் விலையும் தெரியும். முழு வீட்டையும் தேக்கில் போட முடியாதவர்கள் கதவு, ஜன்னல், தரையை ஒட்டி வரும் அடிச்சட்டம் ஆகியவற்றுக்கு மட்டும் தேக்கையோ அதற்கு இணையான உறுதியான மரத்தையோ கேட்கலாம். வீட்டில் முதலில் உளுப்பது அந்த அடிச்சட்டம்தான்.

தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கத்துக் காபித் தோட்டங்களில் நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் பார்க்க அழகான பலகை தரும். உள்பக்க வேலைக்கு ஏற்றது. மழையில் நனையும் வெளிச்சுவருக்கு அதை நம்ப முடியாது. தைல மரம் காயும்போது முறுக்கிக்கொள்ளும், வெடிக்கும். அனுபவமுள்ள ஆசாரிகள் அதைப் பலகைக்கு எடுக்கத் தயங்குவது அதனால்தான்.

பைன் மென்மையான மரம். அப்படியே விட்டால் பூஞ்சையும் வண்டும் விரைவில் பிடித்துவிடும். ஆனால், மருந்தை நன்றாக உறிஞ்சிக்கொள்ளும் குணம் அதற்கு உண்டு. பெரிய உருளைக்குள் பலகைகளை அடுக்கி, காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, அழுத்தத்தில் மருந்தைச் செலுத்துவார்கள். இதுதான் முறையான பதப்படுத்தல். பிரஷ்ஷில் மேலே பூசுவது தோலோடு நின்றுவிடும். இந்தியாவில் மரம் பதப்படுத்துவதற்கென்றே ஐ.எஸ். 401 என்ற தர விதிமுறை இருக்கிறது. "அந்த விதிப்படி செய்ததா, எந்த மருந்து?" என்று கேட்டு பில்லில் எழுதி வாங்குவது நல்லது.

மருந்திலும் வித்தியாசம் உண்டு. போரான் கலந்தது மழையில் கரைந்து வெளியேறிவிடும். உள்ளே இருக்கும் மரத்துக்குச் சரி. வெளியே நிற்கும் மரத்துக்குத் தாமிரம் கலந்த மருந்துகள் நிற்கும். அவற்றில் ஒரு வகையில் ஆர்செனிக்கும் சேர்ந்திருக்கும். கைப்பிடி, சாப்பாட்டு மேஜை, குழந்தைகள் விளையாடும் திண்ணை ஆகியவற்றுக்கு அந்த வகை வேண்டாம். முக்கியமாக, வேலை முடிந்து மிஞ்சும் பச்சை நிறத் துண்டுகளை ராத்திரி கேம்ப் ஃபயரில் போட்டுவிடக் கூடாது. அந்தப் புகையும் சாம்பலும் விஷம்.

அடுத்தது ஈரம். மரம் எவ்வளவு காய்ந்திருக்கிறது என்பதை இரண்டு ஊசி வைத்த சிறு மீட்டரால் ஒரு நொடியில் பார்த்துவிடலாம். 12 சதவிகிதத்தை ஒட்டி இருந்தால் நல்ல மரம். 20-ஐத் தாண்டினால் அது இன்னும் காயவே இல்லை. மீட்டர் இல்லாவிட்டால் ஊரில் உள்ள வயதான ஆசாரி ஒருவரைக் கூட்டிக்கொண்டு போகலாம். அவர் தட்டிப் பார்ப்பார், தூக்கிப் பார்ப்பார், வைரம் எவ்வளவு, வெள்ளை எவ்வளவு என்று வெட்டு முகத்தைப் பார்ப்பார். அவருக்குக் கொடுக்கும் ஒரு நாள் கூலி வீண்போகாது.

சுவரின் கனம்... ஒரு சின்ன கணக்கு

மர வீட்டில் இரண்டு வகை. சட்டம் அடித்து, அதன்மேல் பலகை போர்த்துவது ஒன்று. ஒன்றின் மேல் ஒன்றாக மரத்தை அடுக்கி, மூலையில் காடி வெட்டிக் கோத்துக்கொண்டே போவது இன்னொன்று. இந்த இரண்டாவதுதான் மேல்நாட்டு 'லாக் கேபின்'. ரஷ்யாவின் கிழி தீவில் 1714-ல் அப்படிக் கட்டிய 22 கலசத் தேவாலயம் இன்னமும் நிற்கிறது. இமாசலப் பிரதேசத்தில் கல்லையும் மரத்தையும் மாற்றி மாற்றி அடுக்கும் வீடுகளும் இதற்குத் தூரத்துச் சொந்தம்.

இன்றைக்குத் தோட்டத்துக்கென்று விற்கப்படும் கேபின்கள் நம்பர் போட்ட துண்டுகளாக வருகின்றன. ஒவ்வொரு பலகைக்கும் மேலே நாக்கு, கீழே காடி. சுவர்க் கனம் பொதுவாக 28, 44, 70 மில்லிமீட்டர். தோட்டச் சாமான் போட்டுவைக்க 28 போதும். எப்போதாவது பகலில் உட்காரும் அறைக்கு 44. கொடைக்கானலின் டிசம்பர், ஜனவரி ராத்திரியில் படுத்துத் தூங்க வேண்டுமென்றால் 70 மில்லிமீட்டர், அல்லது இரட்டைச் சுவர் வைத்து நடுவில் குளிர்த்தடுப்பு அடைத்தது.

விற்பவரின் கொட்டேஷனைச் சரிபார்க்க ஒரு கணக்கு உதவும். 12-க்கு 12 அடி அறை; சுவர் உயரம் 8 அடி என்று வைத்துக்கொண்டால், நான்கு சுவரும் சேர்ந்து 384 சதுர அடி. 28 மில்லிமீட்டர் என்றால் சுவருக்கு மட்டும் சுமார் 35 கன அடி மரம். 44 என்றால் சுமார் 55. 70 என்றால் சுமார் 88. கதவு, ஜன்னலுக்குக் கொஞ்சம் கழித்துக்கொள்ளலாம். ஒரே அளவு அறைக்கு இருவர் சொல்லும் விலையில் பெரிய வித்தியாசம் இருந்தால், பல நேரம் அதன் ரகசியம் இந்தக் கன அடியில்தான் இருக்கும்.

அடுக்கிய மரச் சுவர் காயக் காயக் கீழே உட்காரும். 8 அடிச் சுவர் முதல் ஒன்றிரண்டு வருடத்தில் ஓர் அங்குலம் வரை இறங்கலாம். அதனால் கதவு, ஜன்னல் நிலைக்கு மேலே இடைவெளி விட்டு, அதை ஒரு பலகையால் மறைப்பார்கள். இது தெரியாத ஆள், "ஏன் இடைவெளி?" என்று நினைத்து இறுக்கமாக ஆணி அடித்துவிட்டால், சுவர் இறங்க முடியாமல் மரங்களுக்கு நடுவே வாய் பிளந்துகொள்ளும். ஜன்னல் கண்ணாடி விரிசல் விடும். அலமாரியைச் சுவரில் மாட்டும்போதும் இந்த விஷயத்தை மறக்கக் கூடாது.

மழைக்கும் வெயிலுக்கும் நடுவில்

கொடைக்கானலுக்கு இரண்டு பருவமழையும் உண்டு. அக்டோபர், நவம்பரில் மேகம் அறைக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொள்ளும். துணி காயாது, உப்பு கசியும், பலகை உப்பிக் கதவு இறுகிக்கொள்ளும். பிப்ரவரி, மார்ச்சில் எல்லாம் வறண்டு அதே கதவு தளர்ந்து ஆடும். மரம் ஒவ்வொரு வருடமும் இப்படி மூச்சு விட்டுக்கொண்டே இருக்கும்.

வெயிலையும் குறைத்து எடைபோட முடியாது. இவ்வளவு உயரத்தில், குளிராக இருந்தாலும், சூரியனின் புற ஊதாக் கதிர் கடுமை. சூரியனை ஆராய 19-ம் நூற்றாண்டின் கடைசியில் இங்கே ஒரு வானாய்வகமே தொடங்கினார்கள். 1909-ல் எவர்ஷெட் என்ற விஞ்ஞானி சூரியக் கரும்புள்ளிகளில் வாயு நகர்வதைக் கண்டுபிடித்தது இங்கிருந்துதான். அந்தச் சூரியன் மரச் சுவரில் நேராக அடித்தால், வார்னிஷ் உரிந்து பலகை சாம்பல் நிறமாகும்.

எனவே கூரைதான் மர வீட்டுக்குக் குடை. சுவரைத் தாண்டி நாலாபுறமும் குறைந்தது ஒன்றரை, இரண்டு அடி நீள வேண்டும். தரை, மண்ணிலிருந்து ஓர் அடிக்கு மேல் உயர்ந்து, கல் அல்லது கான்கிரீட் தூண்களின் மேல் நிற்க வேண்டும். அடியில் காற்று ஓட வேண்டும். தூணுக்கும் மரத்துக்கும் நடுவில் ஈரம் ஏறாத தகடு வேண்டும். நாகர்கோவிலுக்குப் பக்கத்தில் இருக்கும் பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போனவர்களுக்கு இது உடனே விளங்கும். தென் தமிழகத்தின் அடைமழையில் அந்த மர அரண்மனை நூற்றாண்டுகள் தாண்டி நிற்பதற்கு, தாழ்ந்து நீளும் அதன் ஓட்டுக் கூரையும் காற்றோட்டமும் பெரிய காரணம்.

குளியலறையை மட்டும் தனியாகச் செங்கல்லில் கட்டி, மர அறையோடு சேர்ப்பது இங்கே பலர் செய்யும் புத்திசாலித்தனம்.

இன்னும் ஒன்று. நன்றாக அடைத்த மர அறைக்குள் குளிர் காய அடுப்புக்கரி மூட்டிவிட்டுத் தூங்குவது உயிருக்கே ஆபத்து. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. மலை ஊர்களில் இப்படித் தூக்கத்திலேயே உயிர் போன சம்பவங்கள் நடந்திருக்கின்றன. புகைபோக்கி வைத்த கணப்பு வேண்டும், இல்லாவிட்டால் கம்பளி போதும்.

"மரத்துக்கு அப்ரூவல் தேவையில்ல சார்!"

மர வீடு விற்பனையில் அதிகம் காதில் விழும் வாக்கியம் இது. "இது டெம்பரவரிதானே, கழற்றி எடுத்துட்டுப் போயிடலாமே" என்ற விளக்கமும் கூடவே வரும்.

1920-ம் ஆண்டின் மாவட்ட நகராட்சிகள் சட்டமே கட்டடம் என்றால் என்ன என்று சொல்லும்போது, குடிசை, கொட்டகை எல்லாவற்றையும் சேர்த்து, செங்கல், மண், உலோகத்தோடு மரத்தையும் எழுதிவைத்திருந்தது. எதில் கட்டினாலும் கட்டடம் கட்டடம்தான். சக்கரம் இல்லாத, மனிதர் தங்கக்கூடிய அறைக்கு அனுமதி தேவையா என்பதை விற்பவரிடம் கேட்பதைவிட நகராட்சியிலோ ஊராட்சியிலோ நகர ஊரமைப்புத் துறையிலோ கேட்பதுதான் சரி.

மலைக்கென்று கூடுதல் விதிகளும் உண்டு. 1990-ல் மலைப்பகுதி பாதுகாப்பு ஆணையத்தின் எல்லைக்குள் வரும் கிராமங்களை அரசு பட்டியலிட்டது. அந்தக் கிராமங்களில் கட்ட வனத்துறை, புவியியல் துறை, வேளாண்மைப் பொறியியல் துறை போன்றவற்றின் தடையில்லாச் சான்றுகள் கேட்கப்படும். சரிவை ஜே.சி.பி. வைத்து நினைத்தபடி வெட்டவும் முடியாது. கொடைக்கானலுக்கு 1993-ல் வந்த மாஸ்டர் பிளானில் எந்த இடம் வீட்டுக்கு, எந்த இடம் வணிகத்துக்கு என்று பிரித்திருக்கிறது.

இதையெல்லாம் பொருட்படுத்தாமல் கட்டியதன் விளைவை ஊர் பார்த்திருக்கிறது. 2019-ல் உயர் நீதிமன்ற உத்தரவின் பேரில், விதி மீறிய பல கட்டடங்களுக்கு கொடைக்கானலில் சீல் வைக்கப்பட்டது. வீடு என்று அனுமதி வாங்கிவிட்டு விடுதி நடத்தியவையும் அந்தப் பட்டியலில் மாட்டின. 'நாம இருக்கறப்ப நாம, இல்லாதப்ப வாடகைக்கு' என்று கணக்குப் போட்டு மர வீடு வாங்குபவர்கள் இதைக் கட்டாயம் மனதில் வைக்க வேண்டும். வீட்டுக்கு வாங்கும் அனுமதி வேறு, வாடகை விடுதிக்கு வாங்கும் அனுமதி வேறு.

நிலமே இனிமேல்தான் வாங்க வேண்டும் என்றால், பட்டா நிபந்தனைப் பட்டாவா, பக்கத்தில் காட்டின் எல்லை எங்கே போகிறது என்பதை வக்கீலிடமும் சர்வேயரிடமும் பார்த்த பிறகே அட்வான்ஸ். 2013-ல் கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. 600 சதுர கிலோமீட்டருக்கும் மேலான பரப்பு அது.

காட்டுமாடு வரும் திண்ணை

அனுமதி கிடைத்தது, நல்ல மரமும் கிடைத்தது. தோட்டத்தில் எந்த இடத்தில் வைப்பது?

மரத்தடி நிழல் என்று யோசிக்கத் தோன்றும். 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் டெல்டாவைச் சிதைத்துவிட்டு மலைக்கும் வந்தது. கொடைக்கானலில் மரங்கள் சாய்ந்து பாதைகள் மூடின, கரன்ட் போனது. வேர் ஆழம் போகாத உயரமான மரங்கள் ஈர மண்ணில் காற்றுக்குச் சுலபமாகச் சாய்கின்றன. மரம் எத்தனை அடி உயரமோ, குறைந்தது அத்தனை அடி தள்ளி வைப்பது பாதுகாப்பு. 'அப்புறம் அந்த மரத்தை வெட்டிக்கலாம்' என்பது நடக்காது என்று முன்பே பார்த்தோம்.

சரிவில் தண்ணீர் எந்த வழியாக இறங்குகிறது என்பதை அடைமழைக் காலத்தில் ஒருமுறை வந்து பார்த்துவிட வேண்டும். ஏப்ரல், மே சீசனில் வந்து இடம் பார்ப்பவர்களுக்கு மலை தன் ஒரு முகத்தை மட்டும்தான் காட்டும்.

பிறகு, காட்டுமாடு. கொடைக்கானல் நகரத் தெருக்களிலேயே அவை சாவகாசமாக நடந்துபோவதை ஊர்க்காரர்கள் ஒதுங்கி நின்று வழிவிட்டுப் பார்க்கிறார்கள். தோட்டத்து வீட்டுத் திண்ணைக்கு முன்னால் ராத்திரி ஒரு டன் எடையுள்ள ஒரு கருத்த உருவம் நின்று புல் மேயலாம். அதன் வழக்கமான தடத்தில் வீட்டை வைத்துவிட்டு வேலி போட்டால் வேலிதான் போகும். பக்கத்துத் தோட்டக்காரரிடம், "அண்ணே, மாடு எந்தப் பக்கமா இறங்கும்?" என்று கேட்டால் சரியாகச் சொல்லிவிடுவார்.

கொட்டேஷனில் இல்லாத செலவுகள்

கேபின் விலை என்று சொல்லப்படுவது அநேகமாக மரத்துக்கும் பொருத்துவதற்கும் மட்டும்தான். அஸ்திவாரம், கரன்ட் கனெக்‌ஷன், எர்த், தண்ணீர்த் தொட்டி, செப்டிக் டேங்க், குளியலறை எல்லாம் தனி. நீளமான லாரிகள் கொண்டை ஊசி வளைவில் திரும்பாது என்பதால், பெருமாள்மலையிலோ கீழேயோ சின்ன வண்டிக்கு மாற்றும் செலவும், தோட்டத்துப் பாதை வரை தலைச்சுமைக் கூலியும் வரும். 1845-ல் இருந்த அந்தக் கூலி இன்னும் முழுதாக மறைந்துவிடவில்லை!

மர வீடு வருடா வருடம் கவனிப்பு கேட்கும். மழைக்கு முன்னால் கூரை, மழைத்தண்ணீர்க் குழாய், அடிச்சட்டம் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். இரண்டு, மூன்று வருடத்துக்கு ஒருமுறை வெளிச்சுவருக்கு மரப் பாதுகாப்பு எண்ணெய் பூச வேண்டும். மதுரையிலோ சென்னையிலோ இருந்துகொண்டு வருடத்துக்கு நாலு நாள் மட்டும் வருபவர்களின் மர வீடுதான் சீக்கிரம் கெடுகிறது. ஜன்னலைத் திறந்து காற்றாட விட ஓர் ஆள் அவசியம். அந்த ஆளின் சம்பளமும் கணக்கில் சேர வேண்டும்.

இவ்வளவையும் கூட்டிப் பார்த்துவிட்டு, 'வருஷத்துக்கு நாலு நாள் வாடகைக்கே தங்கிக்கலாம்' என்று முடிவெடுக்கும் குடும்பங்களும் உண்டு. அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. கூட்டிய பிறகும் வேண்டும் என்று தோன்றினால், தயங்காமல் வாங்கலாம்.

போய்ப் பார்த்து வர...

வாங்கும் எண்ணம் இருப்பவர்கள் ஒருமுறை நவம்பரில் போய், வேறொருவரின் மர வீட்டில் மூன்று ராத்திரி தங்கிப் பார்ப்பது நல்லது. கொடை ரோடு ரயில் நிலையத்திலிருந்து சுமார் 80 கிலோமீட்டர். பழநியிலிருந்து சுமார் 65 கிலோமீட்டர். சொந்த வண்டியிலோ வாடகை வண்டியிலோ போகிறவர்கள் இ-பாஸ் பதிவு செய்ய வேண்டும். உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் இந்த நடைமுறை வந்தது.

காலையில் ஏரிச் சாலையின் பழைய பங்களாக்களின் கூரைகளை நடந்தபடியே பார்க்கலாம். மதியம் பூம்பாறை, மன்னவனூர் பக்கம் போனால் பூண்டு வயல் படிக்கட்டுகளும், மிச்சமிருக்கும் புல்வெளியும் தெரியும். சாயங்காலம் குறிஞ்சி ஆண்டவர் கோயில் வாசலில் நின்றால், மேகம் விலகும் நேரத்தில் கீழே பழநி மலை தெரியும்.

கோயிலுக்குப் பெயர் கொடுத்த குறிஞ்சி இந்த மலைகளில் கடைசியாகப் பூத்தது 2018-ல். அடுத்து 2030-ல் பூக்க வேண்டும். இன்று வாங்கும் மர வீட்டுக்கு அதுவே ஒரு நல்ல பரீட்சை. மரத்தைப் பார்த்து வாங்கி, தண்ணீரையும் காட்டுமாட்டையும் அவற்றின் வழியில் போகவிட்டு, காகிதத்தைச் சரியாக வைத்திருந்தால், அந்த வருடம் பேரப்பிள்ளைகள் திண்ணையில் உட்கார்ந்து எதிர்ச் சரிவு நீலமாவதைப் பார்ப்பார்கள். அப்போது கதவு கொஞ்சம் இறுகியிருக்கலாம். அது மழைக்காலம் நெருங்குகிறது என்று மரம் சொல்லும் சேதி. தோளால் ஒரு தள்ளு தள்ளினால் திறந்துகொள்ளும்.